ஃபோட்டான் பின்னலை எந்த அளவீட்டால் உறுதி செய்வது? குறுக்கீட்டு முறைகள்: ஓர் ஒப்பீடு

நேரிலாப் படிகம் ஒன்றின் மீது 405 நானோமீட்டர் ஊதா லேசரைச் செலுத்தி, 810 நானோமீட்டர் ஃபோட்டான் இணைகளைப் பெறும் அமைப்பு இன்று பல பல்கலைக்கழக ஆய்வகங்களில் இருக்கிறது. அந்த இணைகள் குவாண்டம் பின்னலில், அதாவது இரண்டையும் தனித்தனி நிலைகளாகப் பிரித்து விவரிக்க முடியாத பிணைப்பில், இருக்கின்றனவா, இருந்தால் எந்த அளவுக்கு இருக்கின்றன என்பதை அளக்கப் பல வழிகள் உண்டு. அவை கேட்கும் கருவிகள் வேறு வேறு. அந்தக் கருவிகள் மீது நாம் வைக்க வேண்டிய நம்பிக்கையும் முறைக்கு முறை மாறுகிறது, தேர்வைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டாவது வேறுபாடுதான் என்பது என் கருத்து. அளவீட்டின் முடிவில் எதை உறுதியாகச் சொல்ல விரும்புகிறோம், அதைச் சொல்வதற்கு எவற்றையெல்லாம் நம்பியாக வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டால், கீழே வரும் முறைகளில் எது நமக்கு வேண்டியது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

எளிய எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கலாம். தளவிளைவு என்பது ஒளி அலை அதிரும் திசை. இரண்டு ஃபோட்டான்களும் கிடைத் தளவிளைவில் இருக்கும் நிலையும், இரண்டும் செங்குத்துத் தளவிளைவில் இருக்கும் நிலையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூடிய மேற்பொருந்து நிலை, பின்னலுக்கு மிகப் பழக்கமான வடிவம். இரண்டு மெல்லிய படிகங்களை ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி ஒட்டி, அவற்றைச் சாய்வான தளவிளைவு கொண்ட லேசரால் தூண்டினால் இந்த நிலை கிடைக்கும். 1999-இல் குவியாட்டும் அவருடைய குழுவினரும் காட்டிய வழி அது. இப்போது வேறொரு மூலத்தை எண்ணிப் பாருங்கள். பாதி நேரம் கிடை–கிடை இணையையும் மீதி நேரம் செங்குத்து–செங்குத்து இணையையும் அது எழுந்தமானமாக அனுப்புகிறது. அதில் பின்னல் சிறிதும் இல்லை. ஆனால் கிடை–செங்குத்து அச்சில் மட்டும் அளந்தால் இரண்டு மூலங்களும் ஒரே விடையைத்தான் தரும், அதாவது 100 சதவீத ஒத்துப்போதலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கட்டத்தில், அதாவது இரு சாத்தியங்களின் அலைகளுக்கு இடையே நிலையாக நிற்கும் ஒப்பீட்டு இடைவெளியில், இருக்கிறது. அது வெளிப்பட வேண்டுமானால், தளவிளைவாக்கிகளை 45 பாகைக்குத் திருப்பி, இரண்டு சாத்தியங்களும் ஒன்றோடொன்று குறுக்கிடும்படி செய்தாக வேண்டும். பின்னலை அளப்பதற்கான எல்லா ஒளியியல் முறைகளுக்குள்ளும் ஏதோ ஒரு வடிவில் குறுக்கீடு ஒளிந்திருப்பதற்குக் காரணம் இதுவே. இந்தக் குறுக்கீடு ஒற்றை டிடெக்டரின் எண்ணிக்கையில் பொதுவாகத் தெரிவதில்லை. ஒரு பக்கத்துத் தளவிளைவாக்கியைச் சுழற்றும்போது அந்தந்தப் பக்கத்து எண்ணிக்கை ஏறக்குறைய மாறாமலே இருக்கும். இரு பக்க டிடெக்டர்களும் சில நானோநொடிகளுக்குள் ஒருசேரப் பதிவு செய்யும் உடன்நிகழ்வுகள் மட்டும் ஏறி இறங்கும்.

இரண்டு அச்சுகளில் பட்டைத் தெளிவு

மிக எளிய முறை இதுதான். உடன்நிகழ்வுகளின் பெரும அளவிலிருந்து சிறும அளவைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பட்டைத் தெளிவு கிடைக்கும். அதைக் கிடை–செங்குத்து அச்சில் ஒருமுறையும் ±45 பாகை அச்சில் ஒருமுறையும் அளக்க வேண்டும். பின்னல் இல்லாத எந்த நிலைக்கும் இந்த இரண்டு தெளிவுகளின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டாது. எனவே முதல் அச்சில் 0.98-உம் இரண்டாவதில் 0.90-உம் கிடைத்தால், கூட்டுத்தொகை 1.88 என்பதே பின்னலுக்குப் போதுமான சான்று. அதே எண்ணை இரண்டால் வகுத்தால் கிடைக்கும் 0.94, நாம் உருவாக்க விரும்பிய பெல் நிலைக்கும் (முழுமையான பின்னலுள்ள நிலை) கையில் இருக்கும் நிலைக்கும் இடையிலான ஃபிடலிட்டியின் (ஒற்றுமை அளவின்) கீழ் எல்லையாகவும் அமைகிறது. பின்னலின் அளவைக் குறிக்கும் கன்கரன்ஸ், ஃபிடலிட்டியின் இருமடங்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வருவதைவிடக் குறையாது என்பதால், அது குறைந்தது 0.88 என்றும் சொல்லிவிடலாம். இரு பக்கமும் நான்கு வெளிவாய்களின் எண்ணிக்கைகளை எடுத்தால் மொத்தம் எட்டே அளவீடுகள். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு தகவல் தரும் முறை வேறொன்று இல்லை.

இந்த முறையை உள்ளிருந்து அரிப்பது தற்செயல் உடன்நிகழ்வு. ஒரே இணையைச் சேராத இரண்டு ஃபோட்டான்கள் தற்செயலாக ஒரே நேரச் சாளரத்துக்குள் வந்துவிட்டால் அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். அதன் வீதம், இரு பக்கத்து எண்ணிக்கை வீதங்களையும் சாளரத்தின் அகலத்தையும் பெருக்கினால் கிடைக்கும். ஒவ்வொரு பக்கமும் நொடிக்கு 50,000 எண்ணிக்கை, சாளரம் 5 நானோநொடி என்றால், நொடிக்கு 12.5 தற்செயல் நிகழ்வுகள் வரும். உண்மையான உடன்நிகழ்வுகளின் பெரும அளவு நொடிக்கு 500 என்றும் சிறும அளவு சுழியம் என்றும் வைத்துக்கொண்டாலும், பெருமம் 512.5 ஆகவும் சிறுமம் 12.5 ஆகவும் பதிவாகி, குறையே இல்லாத மூலத்தின் தெளிவு 0.95-ஆக இறங்கிவிடும். படிகத்தில் குறை தேடி நாள்களைச் செலவிடுவதற்கு முன் சாளரத்தைக் குறுக்கிப் பார்ப்பது நல்லது.

சிஎச்எஸ்எச்: அதே எண்ணுக்கு வேறொரு வலிமை

பெல் 1964-இல் வகுத்த தேற்றத்தை ஆய்வகத்தில் சோதிக்கத்தக்க வடிவில் 1969-இல் கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வரும் தந்தனர்; அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளே சிஎச்எஸ்எச். ஒரு பக்கம் 0, 45 பாகைகளும் மறுபக்கம் 22.5, 67.5 பாகைகளும் வைத்து நான்கு ஒத்துறவு மதிப்புகளை (இரு பக்க விடைகளும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவுகளை) அளந்து, அவற்றை ஒன்றைக் கழித்தும் மற்றவற்றைக் கூட்டியும் சேர்த்தால் எஸ் என்னும் எண் கிடைக்கும். விடைகள் ஃபோட்டான்களில் முன்கூட்டியே பதிந்திருக்கின்றன, ஒரு பக்கத்து அளவீடு மறுபக்கத்தைப் பாதிக்காது என்று கொள்ளும் இடஞ்சார்ந்த மறைமாறிக் கோட்பாடு எதுவும் எஸ்-ஐ 2-க்கு மேல் கொண்டுபோக முடியாது. குவாண்டம் இயக்கவியல் 2√2 வரை, அதாவது ஏறத்தாழ 2.828 வரை அனுமதிக்கிறது. 1972-இல் பெர்க்லியில் ஃபிரீட்மேனும் கிளாசரும் கால்சியம் அணுக்களிலிருந்து வந்த ஃபோட்டான் இணைகளைக் கொண்டு இவ்வகையின் முதல் சோதனையைச் செய்தார்கள். ஆஸ்பெவும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட மதிப்பு 2.697, பிழை எல்லை ±0.015.

இந்தக் கோணங்களில் அளக்கப்படும் எஸ், மேலே சொன்ன இரண்டு பட்டைத் தெளிவுகளின் கூட்டுத்தொகையை √2-ஆல் பெருக்கினால் கிடைப்பதேயாகும். சற்றுமுன் கண்ட 1.88-ஐ எடுத்துக்கொண்டால் எஸ் 2.66 என்று வரும். ஒரே இயற்பியல் அளவைத்தான் இரண்டு முறைகளும் அளக்கின்றன என்றால், பின் எதற்கு இரண்டு முறைகள்? வேறுபாடு முழுவதும் எதை நம்புகிறோம் என்பதில் இருக்கிறது. பட்டைத் தெளிவு முறையில், தளவிளைவாக்கி 45 பாகை என்று காட்டினால் அது உண்மையில் 45 பாகைதான் என்றும், அளக்கப்படுவது ஃபோட்டானின் தளவிளைவு மட்டுமே என்றும் நாம் ஏற்றுக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை இருக்கும்வரை கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால் போதும். பெல் சோதனையில் அந்த நம்பிக்கை தேவையில்லை. தளவிளைவைத் திருப்பும் அரை அலைத்தட்டு 1 பாகை தவறி நின்றால் தளவிளைவு 2 பாகை பிசகும். ஆனால் அந்தப் பிசகு எஸ் மதிப்பைக் குறைக்கலாமே தவிர, பின்னல் இல்லாத நிலையிலிருந்து 2-ஐத் தாண்டும் எண்ணை வரவழைக்க முடியாது. இந்த உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை, கூட்டுத்தொகை 1-க்குப் பதிலாக 1.414-ஐத் தாண்ட வேண்டும் என்பது.

இந்த விலை சிறியதன்று. எல்லா அச்சிலும் ஒரே அளவு இரைச்சல் கலந்த வெர்னர் நிலையில், தெளிவு 33.3 சதவீதத்தைத் தாண்டியதுமே பின்னல் இருக்கிறது. ஆனால் எஸ் 2-ஐத் தாண்ட 70.7 சதவீதம் தேவை. இடைப்பட்ட பரப்பு முழுவதும் பின்னல் இருந்தும் சிஎச்எஸ்எச் மௌனமாக இருக்கும். எனவே எஸ் 2-க்குக் கீழே வந்தது என்பதை வைத்துப் பின்னல் இல்லை என்று எழுதுவது தவறான முடிவு. அப்படி எழுதப்பட்ட மாணவர் அறிக்கைகளைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் அதே தரவுக்குள் பின்னலுக்கான சான்று இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. கருவியை நம்பாத சோதனை என்று சொல்லிக்கொள்வதற்கு, பதிவாகாமல் போன ஃபோட்டான்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். முழுமையான பின்னலுள்ள நிலைக்கு, ஒவ்வொரு பக்கமும் மொத்தக் கண்டறிதல் திறன் சுமார் 82.8 சதவீதத்தைத் தாண்டினால்தான் சிஎச்எஸ்எச் சோதனையின் கண்டறிதல் ஓட்டை அடைபடும். எபர்ஹார்டு 1993-இல் காட்டியபடி, பின்னல் குறைந்த நிலைகளைத் தேர்ந்துகொண்டால் அது 66.7 சதவீதம் வரை இறங்கும். சாதாரண சிலிக்கான் டிடெக்டரின் திறனே 60 சதவீத அளவில் நிற்கும்போது, அதனோடு வில்லை, வடிகட்டி, இழை ஆகியவற்றின் இழப்பையும் சேர்த்தால் அந்த எல்லை வெகு தூரத்தில் இருக்கிறது. 2015-இல் வியன்னாவிலும் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு ஓட்டைகளற்ற சோதனைகள் நடந்தபோது மீக்கடத்து டிடெக்டர்கள் தேவைப்பட்டன. மற்ற ஆய்வகங்களில் அளக்கப்படும் எஸ், பதிவான ஃபோட்டான்கள் எல்லா ஃபோட்டான்களுக்கும் நியாயமான மாதிரி என்ற அனுமானத்தின் மீது நிற்கிறது. அதில் குற்றமில்லை, அனுமானத்தை எழுதிவிட்டால் போதும். தற்செயல் நிகழ்வுகளைக் கழித்த பிறகு வரும் எஸ்-ஐ மட்டும் தலைப்பில் போடுவது சரியல்ல. கழிக்காத மதிப்பே முதலில் வர வேண்டும்.

எவ்வளவு நேரம் அளக்க வேண்டும் என்பதையும் இங்கேயே கணக்கிட்டுவிடலாம். தெளிவு 0.92 என்றால் எஸ் 2.60; ஒவ்வொரு ஒத்துறவின் அளவும் 0.65. கோண இணை ஒவ்வொன்றுக்கும் 1,000 உடன்நிகழ்வுகள் திரட்டினால் ஒவ்வொரு ஒத்துறவின் புள்ளியியல் பிழை 0.024, எஸ்-இன் பிழை அதன் இருமடங்கு, ஏறத்தாழ 0.048. எல்லையான 2-இலிருந்து அது 12 திட்ட விலக்கங்களுக்கு மேல் விலகி நிற்கும். சில நிமிட வேலை.

டோமோகிராஃபி: அதே எண்ணிக்கையில் அளவீடுகள், முழு அணி

ஒரு பக்கத்துக்கு ஒரே டிடெக்டர் இருக்கும் அமைப்பில் சிஎச்எஸ்எச் சோதனைக்கு நான்கு கோண இணைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணிக்கைகள், ஆக பதினாறு அளவீடுகள் வேண்டும். இரண்டு ஃபோட்டான்களின் தளவிளைவு நிலையை முழுமையாக வரையறுக்கும் அடர்த்தி அணிக்குப் பதினைந்து தனித்த அளவுருக்கள் உண்டு. மொத்தச் செறிவையும் சேர்த்தால் பதினாறு. ஜேம்ஸ், குவியாட், மன்றோ, வைட் ஆகியோர் 2001-இல் விரிவாக எழுதிய டோமோகிராஃபி முறை, வேறு அமைப்புகளில் எடுக்கும் பதினாறு எண்ணிக்கைகளிலிருந்து முழு அணியையும் மீட்டெடுக்கிறது. கூடுதலாக வேண்டியது ஒவ்வொரு பக்கமும், வட்டத் தளவிளைவை அளக்க உதவும் ஒரு கால் அலைத்தட்டு மட்டுமே. அணி கையில் வந்துவிட்டால், வூட்டர்ஸ் 1998-இல் தந்த வாய்பாட்டைக் கொண்டு கன்கரன்ஸைக் கணக்கிடலாம்; மூலத்தில் குறை எங்கே, கட்டம் விலகியதா, செறிவு சமமின்றிப் போனதா, இரைச்சல் கலந்ததா என்பதையும் படித்துவிடலாம். மூலத்தைச் சீரமைத்துக்கொண்டிருப்பவருக்கு இதற்கு இணையான கருவி கிடையாது.

ஆனால் நம்பிக்கையின் அளவில் இதுதான் மிக அதிகம் கேட்கும் முறை. சிஎச்எஸ்எச் பொறுத்துக்கொண்ட அதே 1 பாகைப் பிசகு, இங்கே நேராக அணிக்குள் நுழைந்து, நிலையின் பண்பாகவே வேடமிடும். எண்ணிக்கைகளின் ஏற்ற இறக்கத்தால், நேரடியாகத் தீர்க்கும்போது அணியின் ஐகன் மதிப்புகளில் (நிகழ்தகவுகளைக் குறிப்பவை) ஒன்று எதிர்மமாக வருவதும் உண்டு. இயற்கையில் அப்படி ஒரு நிலை இருக்க முடியாது. அதைச் சரிசெய்யப் பெரும நிகழ்தகவு மதிப்பீடு பயன்படுகிறது. குறைவான எண்ணிக்கைகளில் அந்த மதிப்பீடு ஒருபக்கச் சாய்வு கொள்ளும் என்பதும், பின்னலை இருப்பதைவிட அதிகமாகக் காட்டக்கூடும் என்பதும் நன்கு அறியப்பட்டவை. வண்ணத் தூண்களாக வரைந்த அடர்த்தி அணியின் படம் கட்டுரைக்கு அழகு சேர்க்கிறது; பின்னல் இருக்கிறது என்று மட்டும் சொல்ல அதை நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபோட்டான்கள் கூடக் கூட அளவுருக்களும் பெருகுகின்றன: நான்குக்கு 255, ஆறுக்கு 4,095. அந்த நிலையில், முழு அணியையும் மீட்காமல் பின்னல் உண்டா என்பதை மட்டும் காட்டும் சாட்சி அளவீடுகளே நடைமுறைக்கு ஏற்றவை.

ஹாங்–ஓ–மண்டல் குழி எதைச் சொல்கிறது

இரண்டு ஃபோட்டான்களும் ஒரு 50:50 கற்றைப் பிரிப்பானின் இரு வாயில்களில் ஒரே நேரத்தில் நுழைந்தால், எல்லா வகையிலும் ஒத்த ஃபோட்டான்கள் ஒரே வாயிலில் சேர்ந்து வெளியேறும். உடன்நிகழ்வு எண்ணிக்கையில் ஒரு குழி விழும். ராச்செஸ்டரில் ஹாங், ஓ, மண்டல் மூவரும் 1987-இல் காட்டிய இந்த விளைவு, குறுக்கீட்டைக் கொண்டு பின்னலை அளக்கும் முறை என்று பல இடங்களில் அறிமுகப்படுத்தப்படுகிறது. இங்கே கவனம் தேவை. பின்னல் சிறிதும் இல்லாத, இரண்டும் கிடைத் தளவிளைவில் இருக்கும் ஃபோட்டான்களும் முழு ஆழக் குழியைத் தரும். குழியின் தெளிவு 50 சதவீதத்தைத் தாண்டினால் செவ்வியல் அலைகளால் அதை விளக்க முடியாது என்பது உண்மை. அது ஃபோட்டான்களின் ஒத்த தன்மைக்குச் சான்று, பின்னலுக்குச் சான்றன்று.

இதற்கு நேரெதிரான நிகழ்வுதான் பின்னலைக் காட்டுகிறது. பின்னலற்ற எந்த இணையும், ஒரு வாயிலுக்கு ஒரு ஃபோட்டான் என நுழையும்போது, சமப் பிரிப்பானில் பாதிக்கு மேல் உடன்நிகழ்வைத் தர முடியாது. எதிர்ச்சமச்சீர் கொண்ட பெல் நிலையோ எப்போதும் வெவ்வேறு வாயில்களில் வெளியேறி, எண்ணிக்கையை அடிமட்டத்தின் இருமடங்காக உயர்த்தும். ஆகவே குழிக்குப் பதில் மேடு எழுந்தால், பின்னல் உண்டு. எந்தப் பண்பில் உண்டு என்பதை மேடு சொல்லாது; தளவிளைவில் இருக்கலாம், அதிர்வெண்ணிலும் இருக்கலாம். இதே பிரிப்பானை ஒரே நிலையின் இரு பிரதிகள் மீது பயன்படுத்தினால் நிலையின் தூய்மையை (இரைச்சல் கலவாத அளவை) நேரடியாக அளக்க முடியும். வால்போர்னும் அவருடைய குழுவினரும் 2006-இல் ஃபோட்டான் இணையின் தளவிளைவையும் உந்தத்தையும் இரு பிரதிகளாகக் கொண்டு ஒரே அளவீட்டில் கன்கரன்ஸைப் பெற்றது இதே இரு பிரதிக் கருத்தைக் கொண்டுதான். இரண்டு பிரதிகளும் உண்மையிலேயே ஒரே மாதிரியானவை என்ற அனுமானம் அதன் அடியில் இருக்கிறது.

இழையில் போகும் ஃபோட்டான்களும் பதிவாகாத ஃபோட்டான்களும்

ஒளியிழையில் நீண்ட தூரம் அனுப்பும்போது தளவிளைவு வழியிலேயே திரிந்துபோகும். அங்கே ஃபிரான்சன் 1989-இல் முன்வைத்த அமைப்பு பொருத்தமானது: இரு பக்கமும் கை நீளம் சமமில்லாத ஒரு குறுக்கீட்டுமானி. இணை எந்தக் கணத்தில் பிறந்தது என்பது தெரியாததால், இரண்டும் குறுகிய கை வழியே வந்ததும் இரண்டும் நீண்ட கை வழியே வந்ததும் குறுக்கிடுகின்றன. கைகளின் நீள வேறுபாடு ஒற்றை ஃபோட்டானின் ஓரியல்பு நீளத்தைவிட (அலையின் கட்டம் ஒழுங்காக நீடிக்கும் தூரம்) அதிகமாகவும், லேசரின் ஓரியல்பு நீளத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். 810 நானோமீட்டரில் 10 நானோமீட்டர் அகல வடிகட்டி வைத்தால் முதலாவது வெறும் 66 மைக்ரோமீட்டர்தான். நடைமுறையில் எல்லையை வகுப்பது டிடெக்டரின் நேரத் துல்லியம். ஒன்று குறுகிய வழியிலும் மற்றது நீண்ட வழியிலும் வந்த நிகழ்வுகள் நேர வரைபடத்தில் நடு உச்சிக்கு இருபுறமும் பக்க உச்சிகளாக நிற்கும். அவற்றைச் சாளரத்தால் விலக்கினால்தான் தெளிவு 50 சதவீதத்தைத் தாண்டும். 1998-இல் ஜெனீவாவில் 10 கிலோமீட்டருக்கு மேல் பிரிந்த ஃபோட்டான்களிடையே பெல் மீறலைக் காட்டியது இவ்வகைக் குறுக்கீட்டுமானிகளைக் கொண்டுதான். ஆனால் பாதி நிகழ்வுகளை விலக்குவதால் இதற்கெனத் தனி ஓட்டை ஒன்று உண்டு: அந்தப் புள்ளிவிவரத்தை இடஞ்சார்ந்த மறைமாறி மாதிரியாலும் உருவாக்க முடியும். மூலத்தின் தரத்தைச் சொல்ல இது சிறந்த முறை. கருவியை நம்பாத கூற்றுக்கு அடிப்படை வடிவில் இது போதாது.

இணையில் ஒரு ஃபோட்டானுக்கு நல்ல டிடெக்டரே கிடைக்காத அலைநீளங்களும் உண்டு. அங்கே உதவுவது, ஸௌ, வாங், மண்டல் ஆகியோர் 1991-இல் காட்டிய தூண்டப்பட்ட ஓரியல்பு. ஒரே லேசரால் தூண்டப்பட்ட இரு ஒத்த மூலங்களில், முதல் மூலத்திலிருந்து வரும் ஒரு ஃபோட்டானின் கற்றையை இரண்டாவது மூலத்தின் ஊடே செலுத்தி, அது எந்த மூலத்தில் பிறந்தது என்று அறிய முடியாதபடி செய்தால், அதன் துணையின் எண்ணிக்கையில் மட்டுமே குறுக்கீட்டுப் பட்டை தோன்றும். 2023-இல் லெமோஸ், லாகிரி, ஸெய்லிங்கர் உள்ளிட்ட குழுவினர், பதிவு செய்யப்படாத ஃபோட்டானின் தளவிளைவை வழியில் மாற்றி, துணை ஃபோட்டானின் பட்டைத் தெளிவைப் பல அச்சுகளில் அளந்து, இரு ஃபோட்டான் பின்னலைக் கணித்துக் காட்டினர். உடன்நிகழ்வுக் கருவியே தேவைப்படாத அளவீடு என்பது என்னை உண்மையிலேயே வியக்கவைக்கிறது. ஆயினும் ஒத்த இரு மூலங்களையும் அவற்றின் கற்றைகள் துல்லியமாக ஒன்றுவதையும் நிலை ஒரு குறிப்பிட்ட வகையைச் சேர்ந்தது என்ற முன்னறிவையும் அது கேட்கிறது. துணையைப் பதிவு செய்ய வேறு வழி இருக்கும்போது இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை.

இரண்டு டிடெக்டர்களும் ஒரு தளவிளைவு மூலமும் உள்ளவருக்கு என் பரிந்துரை இது. அன்றாட அளவீட்டுக்கு இரண்டு அச்சுத் தெளிவுகளை வைத்துக்கொள்ளுங்கள். கால் அலைத்தட்டுகளைச் சேர்த்து வட்டத் தளவிளைவு அச்சிலும் நான்கு எண்ணிக்கைகள் எடுத்தால், ஃபிடலிட்டியின் கீழ் எல்லைக்குப் பதிலாக அதன் மதிப்பே கிடைக்கும், அதுவும் பன்னிரண்டே அளவீடுகளில். அந்த மதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், காரணத்தைத் தேட டோமோகிராஃபிக்குச் செல்லுங்கள். மறையாக்கச் சாவி உருவாக்கம் போல, கருவியை உருவாக்கியவரையே நம்பக் கூடாத பயன்பாடு என்றால், தொடக்கத்திலேயே பெல் சோதனைக்காகத் திட்டமிட்டு, பணத்தை டிடெக்டரின் திறனில் செலவிடுங்கள். 60 சதவீத டிடெக்டருடன் தொடங்கிப் பிறகு ஓட்டையை அடைத்துக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே செல்லாது.